ஷைனியின் ஏழு மாதங்கள்

இதை வாசிக்கும் நீங்கள் சாட்சிகள். அப்படித்தான் உங்களை அழைக்க விரும்புகிறேன். நமது அறக்கட்டளைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, இந்த ஆட்டத்தின் ஒரு வழக்கம் இதற்குள் தெரிந்திருக்கும். கோல்ஃபில் ஒவ்வொருவர் கூடவும் ஒரு நடுவர் நடந்து வருவதில்லை. உங்கள் அடிக்கணக்கு ஏறும் கார்டை உங்களோடு ஆடுகிறவர் எழுதுகிறார். அவருடையதை நீங்கள் எழுதுகிறீர்கள். அவர் கண்ணுக்குத் தப்பிய உங்கள் பிழையை நீங்களே வாய் திறந்து சொல்லி, ஓர் அடி கூட்டி எழுதச் சொல்லவேண்டும்; அடி குறைந்தவர் ஜெயிக்கிற ஆட்டத்தில். நான் இங்கே சொல்லப்போவதும் அத்தகைய ஒன்றுதான். கார்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

எனக்கு இருபத்தெட்டு வயது. இந்த வயதில் பணி அனுபவம் எழுத உட்காருவது சற்று அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் நிதி திரட்டும் மேடையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அடுத்த மாதம் சட்டம் படிக்கப் போகிறேன். என் மேசையும் மைக்கும் உங்களிடம் வருகின்றன. மேசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மைக்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது துரோகம்.

கேரள எல்லையோரத்துத் தனுவச்சபுரத்தில் படித்த காலத்தில் தமிழிலும் மலையாளத்திலும் வாதிட்டு நான் வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் இன்றும் இடம் போதாமல் நிற்கின்றன. அதை அடக்கிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. எதிரணி மூன்று வாதம் வைத்தால் மூன்றாவதை முதலில் உடைப்பேன். மற்ற இரண்டும் தாமாகவே ஆட்டம் காணும். ஓர் அவை எந்த வாக்கியத்தில் மூச்சைப் பிடிக்கும், எந்த வாக்கியத்தில் விடும் என்பது எனக்கு முன்பே தெரிந்துவிடும். அறக்கட்டளை என்னை எடுத்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

வேலை என்னவென்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமைதோறும் நமது வண்டி காஞ்சிரங்குளத்தில் புறப்பட்டு, பாறசாலை, தனுவச்சபுரம் என்று சுற்றிப் பார்வையற்ற பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஆரியங்கோட்டுச் சரிவுக்கு வருகிறது. பழைய ரப்பர் மரங்களை வெட்டிய பிறகு, மறுநடவுவரை அதன் உரிமையாளர் நமக்கு விட்டுத்தந்த நிலம் அது. மூன்று குழிகள், மூன்று கொடிக்கம்புகள். அங்கே அவர்கள் ஆடுகிறார்கள். ஆடி முடித்தபின் வெள்ளைக் கோலோடு சாலை கடக்கவும் பஸ் ஏறவும் பழகுகிறார்கள். அந்தச் சரிவுக்குப் பஸ் கிடையாது. வண்டி நின்றால் சனிக்கிழமையும் நின்றுபோகும்.

நான் சொல்லும் ஆண்டில் வண்டி நிற்கவிருந்தது. அதன் செலவை ஏற்றிருந்த நிறுவனம் விலகிக்கொண்டது. நமக்கு நன்கொடை கொண்டுவரும் நகரத்துப் போட்டி மழையால் ஒருமுறை தள்ளிப்போனது. தள்ளிவைத்த நாளிலும் பணம் சேராவிட்டால் அந்த மாதக் கடைசியோடு வண்டியை நிறுத்திவிடுவது என்று கமிட்டி வருத்தத்தோடு முடிவெடுத்தது. காஞ்சிரங்குளத்திலிருந்து வரும் தையல்காரர் ஒருவர், சர்க்கரை நோயில் பார்வை போனவர், அதைக் கேட்டதும் தன் வெள்ளைக் கோலைத் திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார். வண்டி இல்லாதபோது இது எதற்கு என்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியது ஷைனி.

ஷைனியை நீங்கள் அறிவீர்கள். அப்போது அவளுக்கு வயது இருபத்தைந்து. பதினெட்டில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு பார்வை போயிற்று. நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. ஆரியங்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். பன்னிரண்டு பேரில் நன்றாக ஆடுகிறவளும் நன்றாக வாயாடுகிறவளும் அவளே. வண்டி ஓட்டும் மணியன் அண்ணன்தான் களத்தில் அவளுக்கு வழிகாட்டி. பந்துக்குப் பின்னால் மட்டையைப் பிடித்து வைத்து, திசையும் தூரமும் சொல்லி விலகி நிற்பது அவர் வேலை.

"கொறச்சு இடத்தோட்டு. முன்ன ஒரு பிலா உண்டு, அதுக்க மேல அடிச்சிராத" என்பார் எதிரில் நிற்கும் பலாமரத்தைப் பற்றி.

"போன சனியாழ்ச்ச அந்தப் பிலா வலத்தோட்டுல்லா நின்னுது. நடந்து போச்சா அண்ணே?" என்பாள் அவள்.

தள்ளிவைத்த நாளிலும் மைதானம் குளமாகக் கிடந்து, போட்டி இரண்டாம் முறையும் நின்ற அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நன்கொடையாளர்கள் காரில் ஏறி வந்தாயிற்று. ஆட மைதானம் இல்லை. அவர்களை அப்படியே திருப்பி அனுப்ப மனமில்லாமல் பாறசாலையில் ஒரு தேவாலய மண்டபத்தைக் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டை அங்கே மாற்றினோம். ஆடும் உற்சாகத்தோடு வந்தவர்கள் ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். பலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். கிளம்பினால் வண்டி போயிற்று. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

அன்று நன்றாகப் பேசினேன். அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரு குற்றத்தை எவ்வளவு திறமையாகச் செய்தேன் என்பதும் வாக்குமூலத்தின் பகுதிதான். ஷைனியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பார்வை போன பிறகு ஏழு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று அவள் எப்போதோ என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த இடத்தை நெருங்கும்போது, வாக்கியம் என் நாக்கில் உயர்ந்துகொண்டே போனது. அந்த உயரத்துக்கு ஏழு மாதம் போதவில்லை. "ஏழு ஆண்டுகள்" என்றேன். "நான்கு சுவர்களுக்குள் ஏழு ஆண்டுகள். நமது வண்டி வாசலில் வந்து நின்ற நாளில்தான் அவள் மீண்டும் வெயிலைத் தொட்டாள்" என்றேன்.

நான் அறியாமல் சொல்லவில்லை. வாய் தவறியும் சொல்லவில்லை. அந்த ஒரு கணத்தில் ஏழு மாதமும் ஏழு ஆண்டும் என் முன்னால் நின்றன. நான் பெரியதை எடுத்தேன். பட்டிமன்ற மேடையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணம் பழக்கமானது. அங்கே பெரியதை எடுத்தால் கோப்பை கிடைக்கும். யாருக்கும் ஒன்றும் தொலையாது. மண்டபத்தில் மூச்சு நின்றது. முன்வரிசையில் கட்டுமானப் பொருள் வியாபாரம் நடத்தும் ஓர் அம்மையார், நாங்கள் எல்லோரும் மேடம் என்றே அழைப்பவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வண்டியை இரண்டு ஆண்டுகளுக்குத் தாம் ஏற்பதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை எல்லோரும் ஆரியங்கோட்டுச் சரிவுக்கே வந்து ஆடுவோம், அந்தப் பெண்ணோடு நானே சேர்ந்து ஆடுவேன், அன்றே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஷைனி அன்று பணியில் இருந்தாள். மண்டபத்தில் இல்லை.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்று உண்டு. நமது ஊர்களில் ஒரு மேடையில் பேசியது அந்த மேடையோடு நிற்பதில்லை. என் பேச்சை யாரோ கைபேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் அது ஆரியங்கோடு முழுவதும் கேட்டாயிற்று. தமிழில் பேசினால் ஒரு வீட்டுக்கும் மலையாளத்தில் பேசினால் மறுவீட்டுக்கும் புரியாமல் போகும் ஊரா இது? திங்கட்கிழமை மாலை மணியன் அண்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, ஷைனி இனிமேல் வண்டியில் வரமாட்டாளாம் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "எனக்கிட்ட கேக்காத மக்கா. அவளுக்க கூட ஒரு தடவ பஸ்ஸுல போய்ட்டு வா" என்றார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்தில் அவளோடு பஸ் ஏறினேன். நான் வந்ததற்கு அவள் வியப்புக் காட்டவில்லை. என் காலடியோசை அவளுக்குத் தெரியும். வழக்கமாக உட்காரும் மூன்றாம் இருக்கையைத் தொட்டுப் பார்க்காமலே போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர் வந்தார். அவளிடம் எங்கே என்று கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். காணொலியில் பார்த்த முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

"பிரசங்கம் பண்ணின ஆளுல்லா? கேட்டேன், கேட்டேன். இந்தப் பிள்ளை ஏழு வருஷம் வீட்டுக்குள்ள இருந்துதுண்ணா, எனக்க பஸ்ஸுல நித்தமும் டிக்கெட் எடுத்தது ஆராக்கும்? பேயா?"

பஸ் முழுவதும் சிரித்தது. ஷைனியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியபின் அவள் பேசினாள், சத்தம் உயரவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு ஏழு மாதம் அறையை விட்டு வராததும், எட்டாம் மாதம் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சாலைவரை வந்ததும், பிறகு தோளை விட்டதும், ஓடையில் விழுந்து முழங்கை உடைந்ததும், உடைந்த கை ஆறியபின் தனியே பஸ் ஏறியதும் எல்லாம் எனக்குத் தெரிந்த செய்திகளே. அவள் அவற்றை வரிசையாக எனக்குத் திரும்பச் சொன்னாள், நான் மறந்துபோனவன் என்பது போல. அறக்கட்டளை தொடங்கியே மூன்று ஆண்டுதான் ஆகிறது என்பதையும் நினைவூட்டினாள். பிறகு கேட்டாள்:

"நான் நடந்த வருஷத்த எல்லாம் நீங்க எங்க கொண்டு போட்டிய அண்ணா?"

மன்னித்துவிடு என்று சொன்னேன். அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அடுத்து அவள் சொன்னது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"சனியாழ்ச்ச நான் வாறேன். அந்த மேடத்துக்க கூட ஆடுவேன். தையல்காரருக்கு வண்டி வேணும், மத்தவங்களுக்கும் வேணும். ஏழு வருஷமுண்ணு அவங்க நினைச்சா நினைச்சுட்டுப் போட்டு. நீங்க மட்டும் அங்க ஒண்ணும் பறையாதீங்க. அது போரும்."

தன் ஆறு ஆண்டுகளுக்கு மேலான வாழ்க்கையை அவள் வண்டிக்காக விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தாள். நான் செய்ய வேண்டியது மௌனம் மட்டுமே. இளம் தோழர்களே, நமது வேலையில் உங்களுக்கு வரப்போகும் உண்மையான நெருக்கடி இந்த உருவத்தில்தான் வரும். தீங்கு செய்யும்படி யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். சும்மா இருக்கும்படி, அதுவும் நல்ல காரணத்துக்காக, நீங்கள் தீங்கு செய்தவரே கேட்பார்.

கமிட்டியில் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்து ஆகட்டும், அதன்பின் மேடத்திடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் அல்லர். பன்னிரண்டு பேரை நினைத்துத்தான் சொன்னார். நான்கு நாட்களாக அந்த யோசனை எனக்கும் நியாயமாகவே பட்டது. மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கையெழுத்துக்கு முன் கொடுப்பதா பின் கொடுப்பதா என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. அதைத்தான் முடிவு செய்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது எளிது.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ரப்பர் வேர்க்கட்டைகளுக்கு நடுவே புல் வெட்டியிருந்தோம். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஷைனியின் கார்டை மேடம் எழுத, மேடத்தின் கார்டை ஷைனி சொல்லச் சொல்ல மணியன் அண்ணன் எழுதுவது என்று ஏற்பாடு. முதல் குழியை ஷைனி ஐந்து அடியில் முடித்தாள். இரண்டாவதில் பந்து சரிவில், ஈரப்புல்லில் போய் நின்றது. அவளையும் மணியன் அண்ணனையும் தவிர, அருகில் மேடமும் நானும் மட்டும் இருந்தோம். மற்றவர்கள் கொடிக்கம்புக்குப் பக்கத்தில். மணியன் அண்ணன் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தார். அவள் பிடியைச் சரிசெய்தாள். பிறகு நிறுத்தி நிமிர்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கூட்டி எழுதுங்க. பந்து நீங்கியாச்சு."

அடிக்குமுன் மட்டை பட்டுப் பந்து நகர்ந்தால் ஓர் அடி தண்டம். மேடம் பந்தைப் பார்த்தார். தாம் ஒன்றும் காணவில்லை என்றார். மணியன் அண்ணனும், "சவம், நானும் காணல்ல பிள்ளே. அடி நீ" என்றார்.

"நானும் காணல்ல" என்றாள் ஷைனி. "கையில அறிஞ்சேன். எடுத்து பழைய எடத்துல வைங்க அண்ணே."

மேடம் உரக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்துக் கார்டில் ஒன்று கூட்டினார். புல்லில் அந்தப் பந்து ஒரு விரலளவும் நகர்ந்திருக்காது. நான் மாதத்தை ஆண்டாக நகர்த்தியவன், இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப்பையில் கடிதம் இருந்தது. அது தனியாக ஒருவர் கையில் கொடுக்க எழுதப்பட்ட கடிதம். பொய் தனியாகச் சொல்லப்படவில்லை.

மூன்றாவது குழி முடிந்து, நிழலில் எல்லோரும் கூடி, கையெழுத்துக்கான காகிதம் மேசைக்கு வந்தபோது மைக்கை எடுத்தேன். கமிட்டிக்காரர் கண்ணால் வேண்டாம் என்றார். ஷைனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மூச்சைக் கேட்டே அவள் அறிந்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக முன்னுரை இல்லாமல் பேசினேன். போன வாரம் நான் சொன்னது பொய் என்றேன். ஏழு ஆண்டுகள் அல்ல, ஏழு மாதங்கள். அதற்குப் பின் இந்த வண்டி பிறப்பதற்கு முன்பே அவள் தனியாக வேலைக்குப் போய் வந்தவள். அதை அறிந்தே மாற்றிச் சொன்னேன். அவளுக்கு அதில் பங்கில்லை. இவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் கைதட்டவில்லை. மைக் இரைந்துகொண்டிருந்தது; யாரோ அணைத்தார்கள். மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். வண்டி போயிற்று என்று நினைத்தேன். தையல்காரர் தன் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்தக் காட்சியை இன்னும் மறக்கவில்லை.

மேடம் ஷைனியைப் பார்த்து, மலையாளத்தில், அப்படியானால் ஏழு மாதந்தானா என்று கேட்டார்.

ஷைனி தமிழில் சொன்னாள்: "ஆமா மேடம். அதுலயும் ரெண்டு மாசம் ஆசுபத்திரியிலயாக்கும்."

முதலில் மேடம் சிரித்தார், பிறகு மற்றவர்கள். மேடத்தின் சிரிப்பு சீக்கிரம் நின்றது. ஏமாற்றப்பட்டது தமக்குப் பிடிக்கவில்லை என்பதை என் முகத்துக்கு நேரே சொன்னார். நானும் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். அதன்பின் அவர் சிந்தித்துச் சொன்னது எனக்கு எந்த மேடையிலும் கிடைக்காத வாதம். எங்கேயும் போகாத ஆளுக்கு வண்டி எதற்கு? போய்க்கொண்டிருக்கிற ஆளுக்குத்தானே வண்டி வேண்டும் என்றார். ஆனால் இரண்டு ஆண்டு என்றதை ஓர் ஆண்டாக்கினார். அடுத்த ஆண்டை இந்த ஆண்டைப் பார்த்து முடிவு செய்வேன் என்றார். அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றி வெளியே சொல்லப்படும் எதையும் முன்கூட்டிக் கேட்டுச் சரிபார்க்கக் கமிட்டியில் ஷைனிக்கு ஓர் இடம் தரவேண்டும் என்பதையும் காகிதத்தில் எழுதச் சொன்னார். அன்று வந்தவர்களில் ஒருவர் தம் நன்கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மேடம் கையெழுத்திட்டார். கமிட்டிக்காரர் வந்து என் முதுகில் ஒன்று வைத்தார். பாராட்டா கோபமா என்று பிரித்துச் சொல்லமுடியாத அடி. ஆனால் அவர் முகம் தெளிந்திருந்தது.

எல்லாம் சுமுகமாக முடிந்தது, ஆகவே உண்மை சொன்னால் நன்மை வரும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அன்று வண்டி போயிருக்கலாம். போயிருந்தாலும் நான் சொன்னது சரியே என்று நிற்க எனக்குத் துணிவு இருந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. ஆட்டத்தில் ஓர் அடி கூடினால் ஓர் அடிதான். நமது வேலையில் அது பிறர் தலையில் விழும். அதனால் பிழையைச் செய்த நாளிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு நாள் சட்டைப்பையில் வைத்திருக்காதீர்கள். உங்கள் மேடைப் பேச்சில் யாருடைய வாழ்க்கை வருகிறதோ அவர் மண்டபத்தில் இல்லையென்றால், முன்வரிசையில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுங்கள். பஸ் கண்டக்டரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

திரும்பும் வழியில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். தையல்காரர் பாடிக்கொண்டே வந்தார். குரல் மோசமாக இருந்தது, யாரும் தடுக்கவில்லை. ஆரியங்கோடு சந்தியில் ஷைனி இறங்க வேண்டும். வண்டி நின்றது. அவள் இறங்கவில்லை.

"மைக்குல பறஞ்சது மேடத்துக்கு. எங்களுக்கிட்ட ஒண்ணும் பறையல்லியே" என்றாள்.

நான் தொடங்கினேன். என் குரல் வண்டியின் இரைச்சலில் அடங்கிப்போனது.

"எலே, மைக்கு இல்லாம பேச வராதா உனக்கு?" என்று முன்னாலிருந்து கேட்டார் மணியன் அண்ணன். எஞ்சினை அணைத்தார். பாட்டு நின்றது. பன்னிரண்டு முகங்கள் என் குரலுக்காகத் திரும்பின.

எழுந்து நின்றேன், கூரை தலையில் இடித்தது. மேடைத்தமிழ் வரவில்லை. எங்கள் வீட்டுத் தமிழில், வண்டி முழுவதும் கேட்கச் சொன்னேன்: "உங்க ஆரப் பத்தியும், உங்களுக்கிட்ட முதல்ல சொல்லிக் காட்டாத ஒரு சொல்லும் நான் இனி எந்த மேடையிலயும் பறைய மாட்டேன்."